தாமல் என்றொரு கோட்டுரு

கிரேஸ் எங்கள் கல்லூரியில் சேர்ந்தபோது கணிதத் துறையில் அவளுக்கு மேசை இல்லை. நூலகத்தை ஒட்டித் தமிழ்த் துறைக்கென்று போட்டிருந்த நீள மேசையின் ஒரு முனையை நான்தான் அவளுக்குக் காலி செய்து கொடுத்தேன். என் பெயர் அகிலா, தமிழ் நடத்துகிறேன். பட்டு நெய்கிற குடும்பம் எங்களுடையது. பிள்ளையார்பாளையத்து வீட்டில் இன்றைக்கும் தறிச் சத்தத்தில்தான் கண் விழிக்கிறேன். அவளுக்குக் கணக்கு, எனக்கு இலக்கணம். மதியச் சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொள்ளத் தொடங்கியவர்கள் பிறகு எல்லாவற்றையும் பேசுகிறவர்கள் ஆனோம். அதனால் அவளுக்கு நடந்ததை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே வேலூர் சாலையில் இருக்கிற தாமல் அவளுடைய ஊர். பெரிய ஏரி உள்ள ஊர். அந்த ஏரித் தண்ணீர் பாய்கிற வயல்களில் அவளுடைய முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு இறங்கியவர்கள். அவள் அப்பா கிறிஸ்டோபர்தான் வயலை விட்டு முதலில் வெளியே வந்தவர். சித்தாளாகச் சேர்ந்து, கொத்துக் கரண்டி பிடித்து, மேஸ்திரி ஆனார். அவரே எழுப்பிய வீட்டில்தான் கிரேஸும் அவள் கணவர் முத்துக்குமாரும் இப்போதும் அவரோடு இருக்கிறார்கள்.

அவள் முனைவர் பட்டம் வாங்கியது கோட்டுருவியலில். கோட்டுரு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சில புள்ளிகள், அவற்றில் சிலவற்றை இணைக்கிற கோடுகள். அந்தப் புள்ளிகளுக்கும் கோடுகளுக்கும் ஏதாவது ஒரு விதிப்படி எண் கொடுப்பது அவள் ஆய்வு. வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டுக் கடைசியில், "இதை வச்சு என்னம்மா பண்ணப் போற?" என்று கேட்டாராம். "தெரியல சார்" என்றாளாம் இவள். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தக் கேள்வியை அவள் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். கோபமாக அல்ல, பதில் தேடுகிற மாதிரி.

பதில் ஊரடங்குக் காலத்தில் வந்தது. கல்லூரி மூடிக் கிடந்தது. ஆன்லைனில் யார் யாரோ நடத்திய வகுப்புகளை எல்லாம் அவள் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிற வேணுகோபால் என்ற இயற்பியல் பேராசிரியர் குவாண்டம் பற்றி ஒருநாள் பேசினார். அவர் காட்டிய முதல் படம் ஐந்து புள்ளி, ஐந்து கோடு. ஓர் ஐங்கோணம். இத்தனை வருடம் தான் எண் கொடுத்துக்கொண்டிருந்த படத்தை இயற்பியல்காரர் ஒருவர் காட்டுகிறாரே என்று இவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். பேச்சு முடிந்த கையோடு எனக்குப் போன் வந்தது.

"அகிலா, உங்க தெருவுல அஞ்சு வீடு வட்டமா இருக்குதுன்னு வச்சுக்கோ. ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு பக்கத்து வீட்டோடயும் சண்டை. உன் வீட்டு விசேஷத்துக்குத் தகராறு இல்லாம எத்தினி வீட்டைக் கூப்புடுவ?"

நான் விரல் விட்டுப் பார்த்தேன். "ரெண்டு."

"மூணாவதா ஒண்ணு?"

"எதைக் கூப்புட்டாலும் அதோட சண்டைக்காரங்க உள்ள இருக்காங்களே."

"அவ்ளோதான். அந்த ரெண்டு எங்க கோட்டுருவியல்ல பழைய எண்ணு. இப்ப வீட்டை மறந்துடு. ஒரு அணுகிட்ட அஞ்சு கேள்வி கேக்கறோம். பக்கத்துப் பக்கத்துக் கேள்விங்க ரெண்டுக்கும் சேர்ந்தாப்ல ஆமான்னு வராது. பதில் எல்லாம் முன்னாடியே உள்ள தயாரா இருந்துச்சுன்னா, அஞ்சு கேள்விக்கும் ஆமா வர்ற வாய்ப்பைக் கூட்டினா ரெண்டைத் தாண்டவே கூடாது. ஆனா தாண்டுதுபா! ரெண்டே காலுக்குக் கிட்டப் போவுது. ஆய்வுக்கூடத்துல செஞ்சே பார்த்துட்டாங்க."

"அதெப்படி?"

"பதில் முன்னாடியே அங்க இல்ல. அதான்."

அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவளை அதிகம் உலுக்கியது வேறொன்று. அந்த அணு எந்த அளவுக்குத்தான் தாண்டலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை எண்ணைக் கோட்டுருவியல்காரர்கள் பல வருடங்களுக்கு முன்பே, பிழையில்லாமல் செய்தி அனுப்புகிற வேறு ஒரு கணக்குக்காகக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அணுவைப் பற்றி அவர்கள் நினைக்கவே இல்லை. ஆனால் அணு அந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது.

அவள் வேணுகோபாலுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். கோட்டுருவியல் நன்றாகத் தெரியும், இயற்பியல் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது, கற்றுக்கொள்ளலாமா என்று. "எனக்கு அப்படியே தலைகீழ். வாங்க, சேர்ந்து கத்துக்கலாம்" என்று பதில் வந்தது. ஊரடங்கு முடிந்ததும் சனிக்கிழமைதோறும் காலை மின்சார ரயிலில் சென்னைக்குப் போக ஆரம்பித்தாள். அன்றைக்குச் சமையல் முத்துக்குமார் பொறுப்பு.

அந்தத் துறைக்கு இங்கிலீஷில் கான்டெக்ஸ்ச்சுவாலிட்டி என்று பெயர். அதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று என்னிடம் வந்தாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், என் பக்கம் ஒரு வேலை வந்துவிட்டதே. "இது எங்களுக்குப் புதுசில்லை. 'அடி'ன்னு ஒரு சொல்லை எடுத்துக்கோ. காலா, உதையா, செய்யுள் வரியா, பக்கத்துல என்ன சொல் நிக்குதோ அதை வச்சுத்தான் தெரியும்" என்றேன்.

கிரேஸ் இல்லையென்று தலையை ஆட்டினாள். "அதில்லபா. அதுல எழுதினவர் மனசுல ஒரு அர்த்தம் முன்னாடியே இருக்குது, நமக்குத்தான் தெரியல. இங்க முன்னாடி ஒண்ணுமே கிடையாது. எந்தக் கேள்வியோட சேர்த்துக் கேக்கறோமோ அதோட சேர்ந்துதான் பதிலே பொறக்குது."

நான் தோற்றுப்போனது சரிதான், ஆனால் சொல் கிடைத்துவிட்டது. சூழல்சார்மை என்று வைத்தோம். அவள் அதை வகுப்பில் சொல்ல ஆரம்பித்தாள்.

வகுப்பில் சொல்லும்போதுதான் குடை வந்தது. இந்தக் கணக்கை மனதில் பார்க்க ஒரு வழி உண்டு. அணு இருக்கிற நிலையைக் குடையின் பிடி என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து கேள்விகள் ஐந்து கம்பிகள், பக்கத்துப் பக்கத்துக் கேள்விகளை ஒன்று விட்டு ஒன்றான கம்பிகளில் வைக்க வேண்டும். சேர்ந்து ஆமாம் வராத இரண்டு கேள்விகளின் கம்பிகள் ஒன்றுக்கொன்று செங்கோணமாக இருக்க வேண்டும். குடையை மெல்ல விரித்துக்கொண்டே போனால், பாதிக்குச் சற்றுக் கூடுதலாக விரிந்த ஓரிடத்தில், ஒன்று விட்டு ஒன்றாக இருக்கிற கம்பிகள் எல்லாம் ஒரே சமயத்தில் செங்கோணமாகிவிடும். அந்த நிலையில் ஒவ்வொரு கம்பியும் பிடியின் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதிலிருந்து ஒவ்வொரு ஆமாமுக்கும் வாய்ப்பு கிடைக்கும். அந்த ஐந்தையும் கூட்டினால் அந்த இரண்டே காலுக்குச் சற்றுக் குறைந்த எண் வந்து நிற்கும். பலகையில் வரைந்தால் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. நிஜக் குடையே வேண்டும் என்று கிரேஸ் முடிவு செய்தாள்.

பேருந்து நிலையத்துக்கு அருகே குடை, பை ரிப்பேர் செய்கிற ராமராஜனிடம் அவள் போனபோது நானும் கூட இருந்தேன்.

"அஞ்சு கம்பிக் குடை வேணும்ணா. துணி வேணாம்."

ராமராஜன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "துணி இல்லாம குடை எதுக்கு மேடம்? மழை வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"மழைக்கு இல்லண்ணா, பாடம் நடத்த."

"எட்டுக் கம்பில மூணை எடுத்துட்டுத் தரட்டா?"

"சமமா இருக்கணும். எட்டுல மூணைப் புடுங்கினா கோணலாயிடும்."

அவர் கொஞ்ச நேரம் கம்பிக் குவியலைக் கிளறினார். பிறகு அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. "பத்துக் கம்பிக் குடை ஒண்ணு கிடக்குது. ஒண்ணு விட்டு ஒண்ணு கழட்டிட்டா அஞ்சு சமமா வந்துடும், சரியா?" என்றார். கிரேஸ் கைதட்டாத குறை. கழற்றிக் கொடுத்துவிட்டு, "பாடம் எப்படிப் போச்சுன்னு வந்து சொல்லுங்க மேடம்" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் அவள் அந்த எலும்புக் குடையைத் திறந்து திறந்து மூடுவதைக் கிறிஸ்டோபர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். "எங்க நிறுத்தணும்னு கண்ணால தெரிய மாட்டேங்குது நைனா" என்றாளாம். அவர் தன் வேலைப் பையிலிருந்து மூலமட்டத்தை, அதுதான் சுவர் மூலை பார்க்கிற இரும்புச் சட்டத்தை, எடுத்து வந்து இரண்டு கம்பிகளுக்கு நடுவே பிடித்தார். "விரிமா... இன்னும் கொஞ்சம்... நில்லு. ஒக்காந்துச்சு." அந்த நிலையிலேயே நகராமல் கட்டுக்கம்பி சுற்றிக் கொடுத்தார். மறுநாள் இரண்டாம் ஆண்டு வகுப்பில் அந்தக் குடையைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ராமராஜனிடம் போய்ச் சொல்லவும் செய்தோம்.

பெரிய விஷயம் அதற்கு அடுத்த வருடம் நடந்தது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் மூவர் எழுதிய ஒரு கட்டுரையை வேணுகோபால் அவளுக்கு அனுப்பியிருந்தார். ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் வைத்துக் குறுக்கே கோடு போட்ட ஒரு வகைக் கோட்டுருக்களை அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். புள்ளிகள் கூடக்கூட, பதில் முன்பே இருந்தால் வரக்கூடிய எண்ணுக்கும் அணு தொடக்கூடிய எண்ணுக்கும் உள்ள இடைவெளி சுருங்கிக்கொண்டே போகிறது, எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறோம், நிரூபிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

கிரேஸுக்கு அந்த வகை முழுக்கப் பழக்கம். பட்டத்துக்காக அவள் எண் கொடுத்தவை அவைதான். உள்வளையத்தை ஒரு குறிப்பிட்ட விதத்தில் முறுக்கி இணைத்தால் கோட்டுரு குணம் மாறிவிடும் என்று அவளுக்கு ஒரு சந்தேகம். அவர்கள் கணினியில் சோதித்ததைவிடப் பெரிய ஒன்றை எடுத்து அவளும் கணினியில் போட்டாள். இடைவெளி சுருங்கவில்லை, கூடியது.

வேணுகோபால் அவசரப்படவில்லை. "கம்ப்யூட்டர் கடைசி இலக்கத்துல விளையாடும் கிரேஸ். கையால நிரூபிங்க. நிரூபிச்சா இது உங்களோடது" என்றார்.

அவள் எழுதிய முதல் நிரூபணத்தில் அவர் ஓர் ஓட்டை கண்டுபிடித்தார். அதை அடைத்தால் இன்னோரிடத்தில் உடைந்தது. குடை இங்கே உதவவில்லை. ஐந்து கேள்விக்கு மூன்று திசை போதும், இதற்கு வேண்டிய திசைகளுக்கு நாம் வாழும் உலகத்தில் இடம் கிடையாது. மழைக்காலம் முழுக்க அவள் அதைத் தொடவில்லை. "என்னால ஆவறது இவ்ளோதான் போல" என்று ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்.  

பருவத் தேர்வு வந்தது. பிற்பகல் தேர்வுக்கு அவள் கண்காணிப்பு. தேர்வு அறையில் கண்காணிப்பாளர் படிக்கவோ எழுதவோ கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தபோது அவளுக்கு நிரூபணத்துக்கான வழி தெரிந்துவிட்டது. மணி அடிக்கும்வரை எழுத வழியில்லை. மறந்துவிடுமோ என்று உதட்டுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நடந்திருக்கிறாள். "மேடம் ஜெபம் பண்றாங்கன்னு நெனச்சோம்" என்று ஒரு மாணவி என்னிடம் பிறகு சொன்னாள்.

விடைத்தாள்களை ஒப்படைத்துவிட்டு நேரே எங்கள் மேசைக்கு ஓடி வந்தாள். தானே எழுத உட்கார்ந்தால் தொடர்ச்சி விட்டுப்போகும் என்று ஒரு தாளை என் முன்னால் தள்ளினாள்.

"பேசாத. நான் சொல்றதை எழுது."

"கிரேஸ், எனக்கு இந்தக் கணக்கு—"

"புரிய வேணாம். எழுதுபா!"

எழுதினேன். அவள் சொன்ன குறிகளில் பாதிக்கு மேல் எனக்குப் படமாகத்தான் தெரிந்தன. நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் என் பக்கம் திரும்பி மனிதர்கள் பேசுகிற மாதிரி சொன்னாள். "இத்தினி நாளா எல்லாக் கம்பியையும் ஒரே குடையில திணிச்சுக்கினு இருந்தேன் அகிலா. வெளிவளையத்துக்கு ஒரு குடை, உள்வளையத்துக்கு ஒரு குடை. பிடி ஒண்ணுதான். ரெண்டையும் தனித்தனியா விரிக்கணும்!"

அன்று எழுதியதில் ஓட்டை இல்லை. வேணுகோபால் நாள்கணக்கில் உட்கார்ந்து சரிபார்த்தார். பிறகு இருவருமாக அந்த மூன்று வெளிநாட்டவருக்கும் அனுப்பினார்கள். நிரூபணம் கிரேஸ் ஒருத்தியினுடையது என்று முதல் வரியிலேயே எழுதியது வேணுகோபால்தான். அவர்களிடமிருந்து வந்த பதில் சுருக்கமானது: நீங்கள் சொல்வது சரி, எங்கள் ஊகம் தவறு, இதைப் பார்த்ததில் மகிழ்ச்சி.

அடுத்த குளிர்காலத்தில் சென்னையில் நடந்த பன்னாட்டுக் கருத்தரங்குக்கு அவளைப் பேச அழைத்தார்கள். நானும் போனேன். கிறிஸ்டோபர் சர்ச்சுக்குப் போகிற வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எங்கள் இருவருக்குமே பேச்சு புரியவில்லை, ஆனால் கூட்டத்தின் மனநிலை புரிந்தது. கிரேஸ் எலும்புக் குடையை மேடையில் விரித்ததும் முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அது நல்ல சிரிப்பு. பிறகு அவள் இரண்டு வளையங்களை வரைந்தாள், முறுக்கிக் காட்டினாள். சிலர் வேகவேகமாகக் குறிப்பெடுத்தார்கள். அவள் குரல் எங்கள் கல்லூரி வகுப்பில் இருக்கிற மாதிரியே இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர் அந்த மூவரில் ஒருவர், நரைத்த தாடிக்காரர். எங்கள் ஊகத்தை உடைத்தவர் இவர்தான் என்று அவையிடம் சொல்லிவிட்டு, இந்தக் கோட்டுருவை அடுத்த கட்டுரையில் என்ன பெயரில் குறிப்பிடலாம் என்று கேட்டார். கண்டுபிடித்தவர் பெயரையே வைப்பது வழக்கமாம்.

 "தாமல்" என்றாள் கிரேஸ்.

அது என்ன என்று அவர் கேட்டார். அது என் ஊர், என் குடும்பம் இருக்கிற ஊர் என்றாள். அவர் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

கிறிஸ்டோபர் என் கையைத் தொட்டார். "இன்னாமா, நம்ப ஊர் பேரைச் சொல்லிச்சா அது?"

"ஆமாங்க. அந்தப் படத்துக்கு இனிமே தாமல்னுதான் பேரு. உலகத்துல யார் இதைப் படிச்சாலும் அந்தப் பேரைச் சொல்லித்தான் படிக்கணும்."

அவர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அப்பாவுக்கு அந்த ஊர்ல நிக்கறதுக்கு ஒரு சென்ட் எடம் கிடையாதும்மா" என்றார். "இவ ஊரையே தூக்கினு வந்து இங்க வச்சிட்டா பாரு."

அவர் அழவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, முதுகை நிமிர்த்தி, கைதட்டல் முடிந்த பிறகும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தார். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. நானும் சேர்ந்துகொண்டேன்.

ஒளித் துகள்களை வைத்து அந்தக் கோட்டுருவைச் சோதித்துப் பார்க்க ஓர் ஆய்வுக்கூடம் இப்போது முயன்றுகொண்டிருக்கிறது. குவாண்டம் கணினிக்கு இது எந்த அளவுக்குப் பயன்படும் என்று இன்னும் சொல்ல முடியாது என்கிறாள் கிரேஸ். கணிதத் துறையில் அவளுக்கு மேசை கிடைத்துவிட்டது. ஆனாலும் மதியம் எங்கள் மேசைக்கே வருகிறாள்.

தாமலில் அவளுக்குப் பாராட்டு வைத்தார்கள். ஊர் இளைஞர்களில் லோகேஷ் என்கிற ஃப்ளெக்ஸ் அச்சகக்காரர் ஏரிக்குப் போகிற வழியில் பெரிய பேனர் கட்டியிருந்தார். ஒரு பக்கம் கிரேஸின் படம், இன்னொரு பக்கம் இரண்டு வளையங்களோடு அந்தக் கோட்டுரு, மேலே கொட்டை எழுத்தில் "எங்கள் தாமல்". நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்து மெச்சிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, போட்டோ சரியில்லையா?" என்றார் லோகேஷ் பயந்துபோய்.

"போட்டோ கிடக்கட்டும். உள்ள ஒரு கோடு விட்டுப்போச்சு. இது தாமல் இல்ல லோகேஷு, வேற எதோ."

"யாருக்குக்கா தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்பா. ஏணி இருக்குதா?"

மேளம் அடிக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். மேடையில் பெரியவர்கள் மாலையோடு காத்திருந்தார்கள். கிறிஸ்டோபர் கீழே ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, எங்கள் டாக்டர் கிரேஸ் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே ஏறி, ஸ்கெட்ச் பேனாவால் விட்டுப்போன அந்தக் கோட்டை நேராகப் போட்டுவிட்டு இறங்கி வந்தாள். "இப்ப ஆரம்பிங்க" என்றாள்.